எந்தச் சுழியத்திலிருந்து? – உயர ஆதாரமட்டங்களும் அவற்றிடையேயான மாற்றமும்

பண்டார் பாரு வட்டாரத்தில், கிரியான் ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூர்க் கோயிலின் திருப்பணிக் குழுவினர் சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மை நாடி வந்தனர். அவர்கள் கையில் இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்று, அந்நிலம் தோட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில் ஆங்கிலத்தில் வரையப்பட்டது. மற்றொன்று, அண்மையில் செயற்கைக்கோள் கருவி கொண்டு அளந்து மலாயில் எழுதப்பட்டது. இரண்டையும் தமிழில் பெயர்த்துத் தருமாறு கேட்டனர்.

பெயர்ப்பதற்கு அவற்றில் மிகுதியாக ஒன்றும் இல்லை, பெரும்பாலும் எண்களே. ஆயின் அவ்வெண்கள்தாம் குழுவினரைக் குழப்பியிருந்தன. பழைய படம் கோயில் வாசற்படியின் மட்டத்தை 9 அடி என்றது. புதிய படம் அதே படியை −8.2 மீட்டர் என்றது. வெள்ளக் காலத்தில் ஆறு 3.4 மீட்டர் மட்டம்வரை உயரக்கூடும் என்று அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. “ஐயா, நம் வாசற்படி கடலுக்குக் கீழே இருக்கிறது என்றா இதற்குப் பொருள்?” என்று குழுவின் மூத்தவர் வினவினார். புதிதாக அளந்தவர் பிழை செய்துவிட்டார் என்று ஒருவர் கூறினார். பழைய படத்தில் 9 என்று இருக்க, வெள்ளம் 3.4 என்றால் அஞ்ச வேண்டியதே இல்லை என்று மற்றொருவர் கூறினார்.

ஊர் மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. தளத்தை வேண்டியதற்கு மேல் உயர்த்தினால் மண்ணிலேயே பணம் புதைந்துவிடும். குறைத்து உயர்த்தினால் கருவறைக்குள் நீர் புகும். நாம் அவர்களிடம் சொன்னது இதுதான்: இரண்டு எண்களும் பிழையற்றவையாக இருக்கலாம், பெயர்க்க வேண்டிய சொல் ஒன்று இரண்டு படங்களிலும் விடுபட்டுள்ளது. அது, எந்தச் சுழியத்திலிருந்து எண்ணினார்கள் என்பதைக் கூறும் சொல். இச்சொற்பொழிவு அந்தச் சொல்லைப் பற்றியது.

உயரம் என்பது ஓர் உறவு

கோபுரத்தின் உயரம் என்கிறோம். மலையின் உயரம் என்கிறோம். இரண்டும் ஒரே சொல்லாயினும் பொருள் வேறு. கோபுரத்தை அதன் அடியிலிருந்து அளக்கிறோம். மலையை அதன் அடிவாரத்திலிருந்து அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத, எங்கோ தொலைவிலுள்ள கடலின் மட்டத்திலிருந்து அளக்கிறோம். முதலாவது ஒரு பொருளின் பண்பு. இரண்டாவது இரண்டு இடங்களுக்கிடையேயான உறவு. இவ்விரண்டாவது பொருளைக் குறிக்க ‘மட்ட உயரம்’ என்னும் தொடரை இங்குக் கையாள்வோம்.

உறவைக் குறிக்கும் சொல் தனித்து நில்லாது. ‘அவர் மாமா’ என்றால், ‘யாருக்கு?’ என்ற வினா உடனே எழுகிறது. ‘இவ்விடம் 9 அடி’ என்றாலும் ‘எதற்கு மேல்?’ என்ற வினா எழவேண்டும். எழாமற் போவதே பிழைகளின் தொடக்கம்.

அந்த ‘எதற்கு மேல்’ என்பதை நில அளவையாளர் ‘டேட்டம்’ என்பர். இலத்தீனில் இதற்குக் ‘கொடுக்கப்பட்டது’ என்பது பொருள். ‘டேட்டா’ என்பது இதன் பன்மையே. தமிழில் டேட்டாவைத் ‘தரவு’ என்று வழங்குகிறோம். தருதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல்லாதலால் மூலப் பொருளோடும் அது ஒத்துப்போகிறது. ஆயினும் அளவை நூலில் வரும் டேட்டத்தையும் தரவு என்றோ, அதன் பரப்பைத் தரவுத்தளம் என்றோ பெயர்த்தால் மாணவர் கணினியிலுள்ள தகவல் தொகுப்பை நினைப்பர். ‘அடிமட்டம்’ என்றால் கடைநிலை என்று பொருள்படும். எனவே ‘ஆதாரமட்டம்’ என்பதே ஏற்றது எனக் கருதுகிறோம். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போது சொல்லும் அதே மட்டந்தான் இதுவும். அங்கே ஒரு சுவருக்குரியது, இங்கே ஒரு நாட்டுக்குரியது.

நாம் சுமந்து வந்த ஆதாரமட்டம்

ஆதாரமட்டம் மாறினால் என்ன நேரும் என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு சான்று உண்டு. கிழக்கு என்னும் சொல் ‘கீழ்’ என்பதிலிருந்தும், மேற்கு என்பது ‘மேல்’ என்பதிலிருந்தும் வந்தவை. தமிழகத்தில் நிலம் மேற்கு மலைத்தொடரிலிருந்து கிழக்குக் கடலை நோக்கிச் சரிகிறது. பள்ளமான திசை கிழக்காயிற்று. மேடான திசை மேற்காயிற்று.

மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் நிலச்சரிவு நேர்மாறு. அங்கே கடல் மேற்கில் உள்ளது. ஆயினும் மலையாளத்திலும் சூரியன் எழும் திசை கிழக்கே. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதைச் சுட்டி, இச்சொல் மலைக்குக் கிழக்கேயிருந்து சென்ற மக்களின் சொல்லாக இருக்கவேண்டும் என்று கருதினார்.

கெடாவிலும் நிலை அதுவே. கிரியான் ஆறு கிழக்கிலுள்ள மேட்டு நிலத்தில் தோன்றி மேற்கே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. இங்கே கிழக்கு மேல், மேற்கு கீழ். ஆயினும் நாம் கிழக்கைக் கிழக்கென்றே சொல்கிறோம். குழப்பம் ஏதும் இல்லை. ஏனெனில் அச்சொல் இன்று திசையை மட்டுமே குறிக்கிறது. உயரத்தைக் குறிப்பதை விட்டுவிட்டது. எண்களுக்கு இந்த நெகிழ்ச்சி இல்லை. 9 என்னும் எண் எந்தச் சுழியத்திலிருந்து பிறந்ததோ அதை மறந்துவிட்டால், அது வேறு பொருளைப் பெறுவதில்லை; பொய்ப்பொருளைப் பெறுகிறது.

கடலின் நடுமட்டம்

கடல் ஒரு நிலையில் நிற்பதில்லை; ஓதம் ஏறுவதும் வற்றுவதுமாக உள்ளது. ஆகவே ஓதமானி என்னும் கருவியைத் துறைமுகத்தில் நிறுவி, நீரின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பதிந்து, அவற்றின் சராசரியைக் ‘கடலின் நடுமட்டம்’ எனக் கொள்வர். அதையே சுழியமாக வைத்து, அங்கிருந்து உள்நாட்டுக்குப் படிப்படியாக மட்டம் கடத்திச் செல்வர். வழிநெடுகக் கற்களை நட்டு ஒவ்வொன்றின் மட்ட உயரத்தையும் பதிவர். மலாயில் இக்கல்லைப் ‘பத்து ஆராஸ்’ என்பர். தமிழில் மட்டக்கல் எனலாம்.

தீபகற்ப மலேசியாவில் நெடுங்காலம் வழங்கியது ‘1912 நில அளவை ஆதாரமட்டம்’. இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் அன்றைய சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், 1911 செப்டம்பர் முதல் 1912 மே வரை, பிரிட்டிஷ் கடற்படையின் வாட்டர்விட்ச் என்னும் அளவைக் கப்பல் செய்த நோக்கீடுகளே அதற்கு அடிப்படை. ஓராண்டும் நிறையாத காலம் அது. திங்களின் பாதை ஏறக்குறைய 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று மாறுகிறது. பருவக்காற்றும் ஆண்டுதோறும் கடலை ஏற்றி இறக்குகிறது. சில மாதச் சராசரியில் இவை முழுமையாக அடங்கா.

பின்னர் நில அளவை, படமாக்கத் துறையான ஜூப்பெம், தீபகற்பத்தின் கரையோரங்களில் பன்னிரண்டு ஓதமானி நிலையங்களை நிறுவியது. பினாங்கும் லங்காவியும் அவற்றுள் அடங்கும். கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் பதிந்தவற்றின் சராசரியைக் கொண்டு புதிய ஆதாரமட்டம் வரையறுக்கப்பட்டது. அதன்படி கடலின் நடுமட்டம், அந்நிலையத்து ஓதமானியின் சுழியத்திற்கு 3.624 மீட்டர் மேலே உள்ளது. மட்டக்கற்களின் வலையும் நுண்மையாக மீண்டும் அளக்கப்பட்டது.

ஓதமானிக்கும் ஒரு சுழியம் இருப்பதை இங்கே கவனிக்கவேண்டும். கப்பலோட்டிகளின் கடல்வரைபடம் நடுமட்டத்தைச் சுழியமாகக் கொள்வதில்லை. நீர் மிகவும் வற்றும் நிலைக்கு அண்மையான மட்டத்தைக் கொள்கிறது. கப்பல் தரைதட்டாமல் இருக்க அதுவே பாதுகாப்பு. எனவே ஓத அட்டவணையில் ‘2 மீட்டர்’ என்றிருப்பதும் நிலப்படத்தில் ‘2 மீட்டர்’ என்றிருப்பதும் ஒரே மட்டம் அல்ல. கரையோர மாணவர் இதை முதலில் அறியவேண்டும்.

நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்திற்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. இந்தியாவில் 1909இல் முடிவுபெற்ற மட்ட அளவையில் ஒன்பது துறைகளின் நடுமட்டங்களும் சுழியமாகக் கொள்ளப்பட்டன. சென்னையும் நாகப்பட்டினமும் கொச்சியும் அவற்றுள் அடங்கும். ஆனால் நீரின் வெப்பம், உப்பு, காற்று, நீரோட்டம் ஆகியவற்றால் ஒரு துறையின் நடுமட்டம் மற்றொன்றினும் சற்று ஏறியோ தாழ்ந்தோ நிற்கும். ‘கடல்மட்டம்’ என்று ஒருமையில் சொல்கிறோம். இயற்கையில் அது பன்மை. பெயருடன் சொன்னாலன்றி அது முழுமையான சொல் ஆகாது.

செயற்கைக்கோள் காணும் உயரம்

இனி, −8.2 என்னும் எண்ணுக்கு வருவோம். செயற்கைக்கோள் கருவி கடலை அறியாது. அது புவியின் மையத்தைச் சுற்றிக் கணித முறையில் வரையப்பட்ட ஒரு வழுவழுப்பான நீள்கோளத்தையே அறியும். அதன் நடுக்கோட்டு ஆரம் 6,378,137 மீட்டர். துருவத்தை நோக்கிய ஆரம் அதனினும் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் குறைவு. இந்த நீள்கோளத்திலிருந்து ஓரிடம் எவ்வளவு மேலே அல்லது கீழே உள்ளது என்பதே கருவி தரும் உயரம்.

நீர் இந்தக் கணிதப் பரப்பைப் பின்பற்றி நிற்பதில்லை. புவியீர்ப்பைப் பின்பற்றி நிற்கிறது. புவிக்குள் பொருள் செறிந்த இடமும் தளர்ந்த இடமும் உண்டாதலால், ஈர்ப்பின்படி அமையும் சமமட்டப் பரப்பு சில இடங்களில் புடைத்தும் சில இடங்களில் தாழ்ந்தும் உள்ளது. இப்பரப்பைப் புவியுரு என்பர். உலகிலேயே மிகத் தாழ்ந்த பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே புவியுரு நீள்கோளத்திற்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதனால் சென்னைக் கடற்கரையில் நிற்பவரின் கருவியும், திருத்தம் செய்யாவிடில், எண்பது மீட்டருக்கும் மேலாகக் ‘கீழே’ என்று காட்டும். அப்பள்ளத்தின் சரிவு மலாக்கா நீரிணைவரை நீள்கிறது. ஆகவே கெடாவிலும் புவியுரு நீள்கோளத்திற்குப் பல மீட்டர் கீழேயே உள்ளது; தெற்கே சிங்கப்பூரை அடையும்போது மேலே எழுந்துவிடுகிறது.

குழுவினரின் படத்திலிருந்த குறை எண் இதனால் விளைந்ததே. வாசற்படி கடலுக்குக் கீழே இல்லை. நீள்கோளத்திற்குக் கீழே இருந்தது. அளந்தவர் பிழை செய்யவில்லை. ‘நீள்கோள உயரம்’ என்று ஒரு சொல் எழுதாமல் விட்டதே குறை.

மாற்றும் முறை

ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எங்ஙனம்? நான்கு படிகளில் கூறலாம்.

முதலாவது, அலகு. 9 அடி என்பது 2.74 மீட்டர். இதைச் செய்த உடனேயே, ‘9 இருக்க 3.4க்கு அஞ்சுவானேன்’ என்ற வாதம் வீழ்ந்துவிடுகிறது. பழைய தோட்டப் படங்களில் மட்டங்கள் அடியிலேயே உள்ளன.

இரண்டாவது, வகை. நீள்கோள உயரமா, கடல்மட்டத்தைச் சார்ந்த உயரமா என்பதைத் துணிதல். நீள்கோள உயரமாயின், அவ்விடத்துப் புவியுருவின் உயரத்தை அதிலிருந்து கழிக்கவேண்டும். ஜூப்பெம் 2005 முதல் இதற்காக மைஜியோயிட் என்னும் புவியுரு மாதிரியை வழங்கி வருகிறது. கணக்கை விளக்குவதற்காக, கோயில் நிற்கும் இடத்தில் அம்மதிப்பு −11.0 மீட்டர் எனக் கொள்வோம். −8.2இலிருந்து −11.0ஐக் கழித்தால் 2.8 மீட்டர் கிடைக்கும். குறை எண்ணைக் கழிப்பது கூட்டுவதாகும் என்று பள்ளியில் கற்ற விதி இங்கே உயிர் பெறுகிறது.

மூன்றாவது, பெயர். கடல்மட்டத்தைச் சார்ந்த உயரம் என்றறிந்த பின்னும், 1912ஆம் ஆண்டு ஆதாரமட்டமா, புதியதா என்று கேட்கவேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாடு முழுதும் ஒரே எண் அன்று. பழைய வலையில் மட்டம் கடத்தியபோது சேர்ந்த சிறு பிழைகள் ஊருக்கு ஊர் வேறுபடும். சில கற்கள் அமிழ்ந்தும் இருக்கும். ஆதலால், இரண்டு முறைகளிலும் மதிப்புத் தரப்பட்டுள்ள மட்டக்கற்களை அவ்வட்டாரத்திலேயே தேடி, அவற்றின் வேறுபாட்டைக் கண்டு, இடைப்பட்ட இடத்திற்கு அதைப் பங்கிட்டுக் கொள்ளவேண்டும். கோலாலம்பூரில் கண்ட வேறுபாட்டைக் கெடாவில் கையாளலாகாது. ஒரு வட்டாரத்தின் சொல்வழக்கை வைத்து மற்றொரு வட்டாரத்தின் பேச்சுக்கு இலக்கணம் எழுதலாகாது என்று மொழியியலில் கூறுவோம், இதுவும் அத்தகையதே.

நான்காவது, சரிபார்ப்பு. கணக்கு எவ்வளவு செம்மையாயினும், அருகிலுள்ள ஒரு மட்டக்கல்லிலிருந்து நேரடியாக மட்டம் கடத்தி வந்து ஒப்பிடவேண்டும். அளவை அறியாத எளியோரும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க சான்று ஒன்று உண்டு. அது சுவரில் படிந்த பழைய வெள்ளக் கோடு.

சிறு பிழையே பெரும் பிழை

குறியை மாற்றிக் கூட்டிவிட்டால் என்ன ஆகும்? −8.2உடன் −11.0ஐச் சேர்த்தால் −19.2 வரும். அது பொருந்தாது என்பதைச் சிறுவரும் அறிவர். வாசற்படியை −8.2 என்றே கொண்டு, வெள்ளம் 3.4 என்றால், தளத்தை 11.6 மீட்டர் உயர்த்தவேண்டும் என்று வரும். அதுவும் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பெரிய பிழை சிரிப்பை மூட்டித் தப்ப விடுகிறது. அஞ்சவேண்டியது சிறு பிழைக்கு.

செருமனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ஓடும் ரைன் ஆற்றின் குறுக்கே, லாஃபன்பூர்க் நகரில் ஒரு பாலம் கட்டினார்கள். செருமனியின் உயரங்கள் ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்தைச் சார்ந்தவை. சுவிட்சர்லாந்தின் உயரங்கள் மத்தியதரைக் கடலோரத்து மார்செய் நகரின் மட்டத்தைச் சார்ந்தவை. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு. இதனைப் பொறியாளர் முன்கூட்டியே அறிந்திருந்தனர், திருத்தமும் செய்தனர். ஆனால் திருத்தத்தின் குறி மாறிவிட்டது. கழிக்கவேண்டிய இடத்தில் கூட்டினர். 27 மறைவதற்கு மாறாக 54 ஆயிற்று. பணி நடந்துகொண்டிருந்த 2003ஆம் ஆண்டிலேயே இது கண்டறியப்பட்டு, ஒரு கரையின் கட்டுமானம் திருத்தப்பட்டது. அறியாமையால் நேர்ந்த பிழை அன்று அது. அறிந்தும் திசையைக் குறிக்காமையால் நேர்ந்த பிழை. ‘வேறுபாடு 27’ என்பது அரைச்சொல். ‘இதனினும் அது 27 உயர்ந்தது’ என்பதே முழுச்சொல்.

பண்டார் பாருவை எண்ணும்போது இக்கதை அயல்நாட்டுக் கதையாகத் தோன்றுவதில்லை. ஆற்றின் இக்கரை கெடா. அக்கரையில் பாரிட் புந்தார், பேராக். சற்று மேற்கே நிபோங் திபால், பினாங்கு மாநிலம். மூன்று மாநிலங்கள் கூடும் தாழ்நிலம் இது. இங்கே ஒரு சாண் உயரமே ஒரு வடிகால் எப்பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும். பழைய படத்தை ஒரு கரையிலும் புதிய படத்தை மறுகரையிலும் வைத்துக் காண் வெட்டினால், நீர் நம் படத்தைப் பார்த்து ஓடாது. தன் மட்டத்தைப் பார்த்தே ஓடும்.

கோயிலில் கண்ட முடிவு

எம்மிடம் முன்னர்ப் பயின்று, பின் நில அளவையாளராகிய ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்பி லெவல் கருவியுடன் வந்தார். மட்டக்கல்லிலிருந்து வாசற்படிவரை மட்டம் கடத்தினார். விடை 2.8 மீட்டருக்குச் சில சென்டிமீட்டருக்குள் அமைந்தது. பழைய படத்தின் 2.74உக்கும் இதற்குமுள்ள சிறு வேறுபாடு எஞ்சி நின்றது. அது பழைய ஆதாரமட்டத்தால் வந்ததோ, எண்ணை முழு அடியாக்கியதால் வந்ததோ என்று ஒரே ஒரு புள்ளியை வைத்துத் துணிய இயலாது என்று அவர் கூறினார். அதை மறைக்காமல் குறித்தும் வைத்தார். அந்நேர்மையை மாணவர்க்குப் பாடமாகக் கூறுகிறோம்.

வெள்ள மட்டம் 3.4 என்றது புதிய ஆதாரமட்டத்தில் தரப்பட்டது என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொண்டனர். வேறுபாடு 0.6 மீட்டர். அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு அளவும் சேர்த்துத் தளத்தின் உயரத்தை முடிவு செய்தனர். பிழை செய்தார் என்று பழிக்கப்பட்டிருந்த அளவையாளரிடம் மூத்தவர் நேரில் சென்று பேசிவிட்டு வந்ததாகவும் அறிந்தோம்.

நாம் பெயர்த்துக் கொடுத்த தமிழ்ப் படத்தின் கீழே இரண்டு வரிகள் சேர்த்தோம்: ‘உயரங்கள் மீட்டரில். சுழியம்: கிள்ளான் துறைமுகக் கடலின் நடுமட்டம், 1984–1993.’ மூல வரைபடங்கள் இரண்டிலும் இல்லாத வரிகள் அவை. மொழிபெயர்ப்பாளன் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்கலாம். மூலம் சொல்லாமல் விட்டதால் பொருள் திரியும் இடத்தில், கேட்டறிந்து சேர்ப்பது அவன் கடமை என்றே கருதுகிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் ‘கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்’ என்னும் தொடர் வரும்போதெல்லாம், ‘எந்தக் கடல், எந்த ஆண்டு?’ என்று மாணவர் கேட்கும்படி பழக்குங்கள். பள்ளிக்கு அருகே ஒரு மட்டக்கல் இருந்தால் அழைத்துச் சென்று காட்டுங்கள். புல்லும் புதரும் மூடியிருந்தால் அகற்றச் செய்யுங்கள். ஓர் எண்ணை வாங்கும்போது அதன் சுழியத்தையும் சேர்த்து வாங்கும் பழக்கம் வரைபடத்தில் தொடங்கட்டும்.